தயவு தேடும் ஆங்கில வினைகள்: 'இன்கிரேஷியேட்' என்பதை மாணவருக்கு எப்படி விளக்குவது?

டிக்கோயா ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். உயர்தர வகுப்புக்குப் பொது ஆங்கிலம் கற்பிக்கிறேன். அண்மையில் ஒரு வாசிப்புப் பந்தியில் 'இன்கிரேஷியேட்' என்ற வினை வந்தது. மாணவர்களின் கையடக்க அகராதியில் அதற்கு 'ஒருவரின் தயவைப் பெறு' என்று பொருள் போட்டிருந்தது. அதை நம்பி அவர்கள் எழுதிய வாக்கியங்களில் பெரும்பாலானவை 'ஹீ இன்கிரேஷியேட்டட் த மேனேஜர்' என்ற வடிவிலேயே இருந்தன. இந்தப் பிழையைத் திருத்துவது எனக்குப் பெரிய காரியமில்லை.

எனக்குச் சங்கடத்தைத் தந்தது வேறொரு வாக்கியம். தன் தந்தை வீடு கட்டுவதற்கான கடனைப் பெற வங்கி முகாமையாளரைச் சந்தித்துப் பேசினார் என்று எழுத நினைத்த ஒரு மாணவி, 'தயவு கேட்டார்' என்ற எண்ணத்தில் இதே வினையைப் போட்டிருந்தாள். தந்தை செய்தது ஒளிவுமறைவற்ற ஒரு கோரிக்கை. ஆனால் அந்த ஆங்கில வாக்கியத்தைப் படிப்பவர் அவரைக் குழைந்து காரியம் சாதிக்கும் ஆளாகவே நினைப்பார். அவளிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இன்னும் அந்தக் கொப்பியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

நாங்கள் பயன்படுத்தும் வழிகாட்டி நூலோ 'ஃபான், ஃபிளாட்டர், டோடி, கோர்ட், கர்ரி ஃபேவர்' எல்லாவற்றையும் ஒத்த சொற்கள் என்று ஒரே வரியில் அடுக்கிவிட்டுப் போய்விடுகிறது. வகுப்பில் 'காக்கா பிடித்தல்' என்று சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், உடனே விளங்கியும் விடுகிறது. அதன் பிறகு மேற்கண்ட எல்லாச் சொற்களுக்கும் அதையே எழுதத் தொடங்குகிறார்கள். இச்சொற்களைப் பிரித்துக் காட்டுவதற்குக் கைவசம் வழி உள்ளவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கண்டி மொழிபெயர்ப்பாளர்

ஆசிரியை அவர்களுக்கு, முதலில் இலக்கணத்தைப் பார்த்துவிடுவோம். இந்த வினையைப் பொறுத்தவரை இலக்கணம் பிடிபட்டால் பொருளில் பாதி பிடிபட்டுவிடும்.

சொல்லுக்குள் இருப்பது 'கிராட்டியா' என்ற இலத்தீன் சொல். தயவு, அருள், நன்றி ஆகிய மூன்றையும் அது குறிக்கும். 'இன் கிராட்டியம்' என்றால் 'தயவுக்குள்' என்று பொருள். 17ஆம் நூற்றாண்டில் இந்த வினை ஆங்கிலத்துக்குள் வந்தபோது, எவரையும் எதனையும் இன்னொருவரின் தயவுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதை அது குறித்தது. தன் நண்பனைக்கூட மன்னனிடம் அப்படிச் சேர்த்துவிடலாம். அந்த வழக்கு அழிந்து, தன்னைத் தானே கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும் இன்று எஞ்சியிருக்கிறது. எனவே செயப்படுபொருளின் இடத்தில் நிற்க வேண்டியவர் முகாமையாளர் அல்லர். 'ஹிம்செல்ஃப்' என்ற தற்சுட்டுச் சொல்தான் அங்கே நிற்கும். முகாமையாளர் 'வித்' என்பதற்குப் பின்னால் வருவார். 'ஹீ இன்கிரேஷியேட்டட் ஹிம்செல்ஃப் வித் த மேனேஜர்' என்பதே சரியான வடிவம்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்க எளிய வழி ஒன்று உண்டு. நம் மொழியில் 'கொள்' என்ற துணைவினை இதே வேலையைச் செய்கிறது. 'துரையைக் கைக்குள் போட்டுக்கொண்டான்' என்கிறோம். 'துரையைக் கைக்குள் போட்டான்' என்றால் வாக்கியம் நொண்டுகிறது. செயலின் பலன் செய்தவனிடமே திரும்பி வருகிறது என்பதை 'கொள்' காட்டுகிறது. ஆங்கிலத்தில் அந்த இடத்தை 'செல்ஃப்' நிரப்புகிறது என்று சொல்லிப் பாருங்கள். ஆனால் 'கொள்' வரும் இடமெல்லாம் 'செல்ஃப்' வராது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். 'கேட்டுக்கொண்டார்' என்பது வெறும் 'ரிக்வெஸ்டட்'தான். அங்கே 'ஹிம்செல்ஃப்' நுழைந்தால் வேடிக்கையாகிவிடும்.

இதே அச்சில் வார்த்த இன்னும் இரண்டு வினைகள் உள்ளன. அவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் 'இன்கிரேஷியேட்' எங்கே நிற்கிறது என்று தெரியும். ஒன்று 'என்டியர்', இதற்குப் பின்னால் 'டு' வரும். புதிதாக வந்த மருத்துவமாது தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக் குழந்தைகளின் பெயர்களையெல்லாம் மனப்பாடமாகச் சொல்லி அழைத்ததால் எல்லோர் மனத்திலும் இடம்பிடித்தார் என்றால் அது 'என்டியர்'. அவர் அதைத் திட்டமிட்டுச் செய்திருக்க வேண்டியதில்லை. அவருடைய சிரிப்போ பொறுமையோகூட எழுவாயாக நின்று அவரை ஊருக்கு இனியவராக்கலாம். மற்றது 'இன்சினுவேட்', தற்சுட்டுச் சொல்லோடு வந்து 'இன்டு' என்பதை எடுக்கும்போது, பிறர் கவனிக்காதபடி மெல்ல மெல்ல ஒருவரின் நம்பிக்கைக்குள் நுழைந்துவிடுவதைக் குறிக்கும். முதலாவதில் கணக்கு இல்லை. இரண்டாவதில் கணக்கும் உண்டு, மறைப்பும் உண்டு. 'இன்கிரேஷியேட்' இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: கணக்கு உண்டு, ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது தெரிந்துவிடுகிறது.

இந்த வினையை எவரும் தன்னைப் பற்றிச் சொல்வது அரிது. 'நான் நேற்றுப் பணிப்பாளரிடம் என்னை இன்கிரேஷியேட் செய்துகொண்டேன்' என்று ஒருவர் சொன்னால் அவர் வேடிக்கை பேசுகிறார் என்றே எடுத்துக்கொள்வோம். அது பார்த்துக்கொண்டிருந்தவர் சொல்லும் சொல். 'முயன்றான்' என்ற பொருள்தரும் 'ட்ரை', 'சீக்', 'அட்டெம்ப்ட்' ஆகியவற்றோடு அது அடிக்கடி சேர்ந்து வருவதும் அதனால்தான்.

பழைய கணக்கப்பிள்ளை

நான் தோட்டக் கந்தோரில் (அலுவலகத்தில்) பல காலம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். கண்டி ஐயா எழுதிய இலக்கணத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஆசிரியை அம்மாவின் மாணவிக்கு வேண்டியது இலக்கணம் அன்று. தயவு கேட்பதும் தயவு தேடுவதும் இரு வேறு காரியங்கள் என்பதுதான் அந்தப் பிள்ளைக்கு விளங்க வேண்டும்.

கந்தோர் சன்னலில் இரண்டு வகை ஆட்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் வருவார், தலையிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, 'ஐயா, பிள்ளைக்குக் காதுகுத்து வச்சிருக்கு, தயவுபண்ணி ரெண்டு நாள் லீவு குடுக்கணும்' என்பார். பேச்சில் பணிவு நிறைய இருக்கும். உடம்பும் கொஞ்சம் வளைந்திருக்கும். ஆனாலும் அவர் செய்தது கேட்பது மட்டுமே. என்ன வேண்டும் என்பதை எல்லோர் காதிலும் விழச் சொன்னார். கொடுத்தால் பெற்றுக்கொள்வார், மறுத்தால் திரும்பிப் போவார். இதற்கு ஆங்கிலத்தில் 'ஆஸ்க்', 'ரிக்வெஸ்ட்', காரியம் பெரிதானால் 'அப்பீல்', எழுத்தில் என்றால் 'அப்ளை'. உடம்பு வளைந்ததை வைத்து 'இன்கிரேஷியேட்' என்று எழுதினால் அந்த மனிதருக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவோம்.

மற்றவர் எதையும் கேட்கவே மாட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தன் லயத்தடித் தோட்டத்து லீக்ஸில் நல்லதாக ஒரு கட்டைக் கழுவி, வேர் நறுக்கி, பங்களாக் குசினியில் கொண்டுபோய்க் கொடுப்பார். காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் சின்னத்துரை சொல்லும் பகிடிக்கு, அது முடிவதற்கு முன்னரே சிரித்துவிடுவார். யாருக்கு வேலை தப்பியது, யார் கொழுந்துப் பையில் முற்றிலை கிடந்தது என்ற செய்திகளும் அவர் வழியாகவே மேலே போகும். சில மாதங்களில் அவர் மலையிலிருந்து இறங்கித் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் நிழல் வேலைக்குப் போயிருப்பார். அவர் வேலை கேட்டதை எவரும் காதால் கேட்டிருக்க மாட்டார்கள். இதுதான் 'இன்கிரேஷியேட்'.

ஆகவே மாணவருக்கு நான் ஒரு கேள்வியைக் கொடுப்பேன்: 'அவர் என்ன கேட்டார்?' இதற்கு நேராக விடை சொல்ல முடிந்தால் இந்த வினை அங்கே வேண்டாம்.

'ஃபேவர்' என்ற பெயர்ச்சொல்லிலும் இதே பிரிவு இருக்கிறது. 'எ ஃபேவர்' என்று முன்னால் 'எ' வந்தால் அது ஓர் உதவி. கேட்கலாம், செய்யலாம், எண்ணிக்கூட வைக்கலாம். 'எ' இல்லாமல் வெறும் 'ஃபேவர்' என்றால் அது ஒருவர் நம்மேல் வைத்திருக்கும் நல்லெண்ணம். அதை எண்ண முடியாது. 'கர்ரி ஃபேவர்' என்பதற்குள் 'எ' வராததும் இதனால்தான். கடன் கேட்ட அந்தத் தந்தையைப் பற்றி எழுதும்போது 'எ ஃபேவர்' என்றுகூட எழுத வேண்டியதில்லை. வங்கி வட்டி வாங்கிக்கொண்டுதானே கடன் கொடுக்கிறது? 'அப்ளைட் ஃபோர் எ லோன்' என்பது போதும்.

'கிராட்டியா' குடும்பத்தில் நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சொல் உண்டு. அது 'கிராட்டுவிட்டி', தோட்டத்துப் பேச்சில் சர்வீஸ் காசு. சொல்லைப் பார்த்தால் முதலாளி மனமிரங்கிக் கொடுக்கும் அன்பளிப்பு போலத் தோன்றும். ஆனால் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் அதை உரிமையாக்கிவிட்டது. ஐந்து ஆண்டு சேவையை முடித்தவருக்கு, மாதச் சம்பளக்காரரானால் ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், மற்றவரானால் ஆண்டுக்குப் பதினான்கு நாட் கூலி என்று கணக்கும் வகுத்துவிட்டது. அதைக் கேட்டுக் கந்தோர் வாசலில் கைகட்டி நின்றவர்களைப் பார்க்கும்போதெல்லாம், சொல்லின் பழைய பொருள் இன்னும் சிலர் மனத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஊவா மாணவன்

நான் ஆசிரியையின் வகுப்பில் இல்லை. ஆனால் இதே பாடத்தைப் படிக்கிறேன். 'கர்ரி ஃபேவர்' என்பதில் உள்ள 'கர்ரி' நம்முடைய கறிதானா? எங்கள் வகுப்பில் ஒருவன், மேலதிகாரிக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பதிலிருந்து இந்தத் தொடர் வந்தது என்று விளக்கம் சொன்னான். ஆசிரியரும் மறுக்கவில்லை.

கண்டி மொழிபெயர்ப்பாளர்

தம்பி, உங்கள் நண்பருடைய விளக்கம் சுவையானது, ஆனால் சரியன்று. உணவைக் குறிக்கும் 'கர்ரி' தமிழ்க் 'கறி'யிலிருந்து போர்த்துக்கேயர் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்றது. தயவோடு வரும் 'கர்ரி'க்கும் அதற்கும் உறவு இல்லை. அது பழைய பிரெஞ்சிலிருந்து வந்த வேறொரு வினை. குதிரையின் உடலைத் தேய்த்துச் சீவிச் சுத்தம் செய்வதைக் குறிக்கும்.

14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் எழுதப்பட்ட ஓர் அங்கதப் பாட்டில் ஃபோவேல் என்றொரு குதிரை வருகிறது. முகத்துதி, பேராசை, இழிவு, நிலையின்மை, பொறாமை, கோழைத்தனம் ஆகியவற்றுக்கான பிரெஞ்சுச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்தால் அதன் பெயர் கிடைக்கும். அந்தக் குதிரை அரண்மனைக்குக் குடிபுகுந்ததும், மன்னர்களும் மதகுருமாரும் போட்டி போட்டுக்கொண்டு அதைத் தேய்த்துவிட வருகிறார்கள். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் 'கர்ரி ஃபாவெல்' என்று முதலில் சொன்னார்கள். காலப்போக்கில் அந்தக் குதிரையை மறந்துபோன மக்கள், காதுக்குப் பழகிய 'ஃபேவர்' என்ற சொல்லை அந்த இடத்தில் வைத்துவிட்டார்கள்.

நுவரெலியாவில் பந்தயக் குதிரைகளைப் பராமரிப்பவர்கள் பல் வைத்த சீப்பைக் கழுத்திலிருந்து வயிறு வரை வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். குதிரை கண்ணைப் பாதி மூடிக்கொண்டு சுகமாக நிற்கும். தொடரின் பொருள் அதுதான்: உடல் சுகப்படும்படி ஒருவரைத் தேய்த்துக்கொடுப்பது. தமிழில் 'அடிவருடி' என்று சொல்வதற்கு இது வெகு அருகில் வருகிறது. அங்கே குதிரையின் விலா, இங்கே மனிதரின் பாதம். நடையைப் பொறுத்தவரை 'இன்கிரேஷியேட்' எழுத்து வழக்கு, 'கர்ரி ஃபேவர்' செய்தித்தாளிலும் பேச்சிலும் வரும். 'வித்' இரண்டுக்கும் பொது.

பதுளைச் செய்தி மேசை

நான் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் வேலையில் இருக்கிறேன். 'அடிவருடி' அரசியல் மேடைக்கு உரிய வசைச்சொல். செய்திக்கு அது அதிகம் என்பது என் எண்ணம். நம் நாட்டில் இந்தக் காரியத்துக்கு எல்லோரும் சொல்வது 'பந்தம் பிடித்தல்'தான். சிங்களத்திலும் இதே தொடர் இதே பொருளில் இருக்கிறது: 'பந்தம் அல்லனவா' என்பார்கள். கண்டிப் பெரஹராவில் தீப்பந்தம் ஏந்தி நடப்பவர்களைப் பார்த்தவருக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை. அவர்கள் பிடிக்கும் ஒளியில் பளபளப்பது யானையும் ஆலயப் பொறுப்பாளரான நிலமேயும். பிடித்தவர் மேலே விழுவது கரியும் எண்ணெயும்.

இதை மாணவர்கள் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கும்போதுதான் ஆபத்து. ஆங்கிலத்தில் ஒருவருக்காக 'கேரி எ டோர்ச்' என்றால், கைகூடாத காதலை மனத்தில் சுமந்துகொண்டிருப்பது என்று பொருள். 'எங்கள் கணக்காளர் பணிப்பாளருக்குப் பந்தம் பிடிக்கிறார்' என்ற வாக்கியத்தை அப்படி ஆக்கினால் கந்தோரில் வேறு கதை கிளம்பிவிடும். பழைய ஆங்கிலத்தில் நமக்கு நெருக்கமான தொடர் ஒன்று இருந்திருக்கிறது: பிசாசுக்கு மெழுகுவர்த்தி பிடித்தல். தீயவன் என்று தெரிந்தும் அவனைக் குளிரப்பண்ணுவதை அது குறித்தது. இன்று எஞ்சியிருப்பது 'கான்ட் ஹோல்ட் எ கேண்டில் டு' என்ற எதிர்மறை வடிவம் மட்டுமே. இன்னொருவருக்கு விளக்குப் பிடிக்கக்கூடத் தகுதி இல்லாதவர் என்ற பொருளில் அது ஒப்பீட்டுக்குப் போய்விட்டது.

வழிகாட்டி நூல் அடுக்கிய 'கோர்ட்', அதோடு சேர்ந்து வரும் 'வூ' ஆகிய இரண்டும் காதலுக்கும் வழங்குபவை. பெண் கேட்டு அலைபவரின் சொற்கள். தேர்தல் காலத்தில் கொழும்புப் பத்திரிகைகள் தோட்ட வாக்காளரை எந்தக் கட்சி 'வூ' செய்கிறது என்று தலைப்பிடும். அதற்குப் பொருள் நயம் காரணமன்று, சொல் சின்னதாக இருப்பதுதான் காரணம். 'கோர்ட்' என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு: விபத்தையோ சர்ச்சையையோ தானே வலியத் தேடிப் போவது. அந்த இடத்தில் 'தயவு' என்ற சொல்லுக்கே வேலையில்லை.

பெட்டிசத்தையும் சொல்லாமல் விட முடியாது. ஆங்கிலத்தில் 'பெட்டிஷன்' என்றால் அதிகாரத்தில் உள்ளவரிடம் முறையாகச் செய்யும் விண்ணப்பம். இங்கே 'பெட்டிசம் போட்டுவிட்டார்கள்' என்றால் ஒருவர்மேல், பெரும்பாலும் பெயர் போடாமல், முறைப்பாடு அனுப்பிவிட்டார்கள் என்றுதான் விளங்கிக்கொள்வோம். தயவைத் தேடும் சொல் ஒருவரின் பிழைப்பில் மண்ணைப் போடும் சொல்லாக மாறியிருக்கிறது. மாணவர்கள் ஆங்கிலப் பந்தியில் 'பெட்டிஷன்' என்று காணும்போது இந்தப் பெட்டிசத்தை மனத்திலிருந்து இறக்கிவைத்துவிட்டு வாசிக்க வேண்டும்.

மஸ்கெலியா வாசகன்

எல்லோரும் எழுதியதைப் படித்த பின் எனக்குள் ஒரு கேள்வி எழுகிறது. பெரியவர்கள் சிறியவர்களின் ஆதரவைத் தேடும்போது ஆங்கிலம் 'வூ', 'கோர்ட்' என்று காதல் மொழி பேசுகிறது. சிறியவர்கள் பெரியவர்களின் ஆதரவைத் தேடும்போதோ நாயும் தேரையும் தரையும் வந்துவிடுகின்றன.

'ஃபான்' என்பது வாலாட்டிக் காலைச் சுற்றும் நாய். பழைய ஆங்கிலத்தில் மகிழ்ச்சியைக் குறித்த சொல்லிலிருந்து அது வந்ததாம்; மான்குட்டியைக் குறிக்கும் அதே ஒலியுள்ள சொல் வேறு. 'டோடி' தேரை தின்றவனிடமிருந்து வந்தது: சந்தைகளில் போலி மருந்து விற்றவனின் கையாள், நஞ்சுள்ளது என்று கருதப்பட்ட தேரையை விழுங்கியதாகக் காட்டுவான், முதலாளி தன் மருந்தால் அவனைப் பிழைக்கவைத்துக் கூட்டத்திடம் காசு வாங்குவார். அடிபணிவதைக் குறிக்கும் 'ட்ரக்கிள்' என்பது எசமானின் உயரமான கட்டிலுக்கு அடியில் தள்ளிவைக்கும் சில்லு வைத்த தாழ்ந்த கட்டில். 'கௌடவ்' சீனச் சொல். நெற்றி நிலத்தில் முட்டும்படி வணங்குவது. 1793இல் சீனப் பேரரசரிடம் போன மக்கார்ட்னி பிரபு அதைச் செய்ய மறுத்ததைச் சொல்லிச் சொல்லியே அந்தச் சொல் ஆங்கிலத்தில் பரவியது.

இதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1762இல், ஜோன் பைபஸ் என்ற ஆங்கிலத் தூதர் நம் கண்டிக்கு வந்து மன்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் முன் முழந்தாளிட்டிருக்கிறார். மண்டியிட்டதற்குச் சொல் எதுவும் ஆங்கிலத்துக்குப் போகவில்லை. நெற்றி நிலத்தில் பட வணங்க மறுத்த கதையோடுதான் ஒரு சொல் போயிருக்கிறது. தயவு தேடுவோரை இழிவாகச் சொல்லும் சொற்களை யார் உண்டாக்கினார்கள் என்று மாணவர்கள் கேட்க வேண்டாமா?

கண்டி மொழிபெயர்ப்பாளர்

மஸ்கெலியா நண்பரின் கேள்வி நியாயமானது. ஆனால் எல்லைக்கோடு அவ்வளவு நேராக இல்லை. பெரியவர்கள் கீழே பார்த்துக் குழைவதை இகழவும் ஆங்கிலத்தில் சொல் உண்டு: 'பாண்டர் டு'. மக்களின் மலிவான ஆசைகளுக்குத் தீனி போடும் அரசியல்வாதியை அது சாடும். காதலர்களுக்கு இடையே தூது போன பாண்டரஸ் என்ற பழங்கதைப் பாத்திரத்தின் பெயரிலிருந்து அது வந்தது. 'கர்ரி ஃபேவர்' இரு பக்கமும் செல்லும். அமைச்சர் வாக்காளரிடமும் செய்யலாம், எழுதுவினைஞர் அமைச்சரிடமும் செய்யலாம். 'கௌடவ்' இன்று பெரும்பாலும் ஓர் அரசு இன்னொரு வல்லரசுக்குப் பணிவதைப் பற்றி எழுதும்போது வருகிறது. ஆக, ஆளின் உயரத்தை மட்டும் வைத்து இச்சொற்களைப் பிரிக்க முடியாது.

அவர் சொன்னதில் ஒன்றை மட்டும் வகுப்புக்கு எடுத்துச் செல்லலாம் என்று நினைக்கிறேன். 'டோடி', 'ட்ரக்கிள்', 'கௌடவ்' ஆகிய மூன்றுக்கும் பின்னால் வருவது 'டு'. இவற்றில் பணிவுதான் முன்னால் நிற்கிறது. தயவு கிடைத்ததா இல்லையா என்பது இரண்டாவது பேச்சு. 'இன்கிரேஷியேட்', 'கர்ரி ஃபேவர்' ஆகியவற்றிலோ தயவே குறி.

பழைய கணக்கப்பிள்ளை

மஸ்கெலியாத் தம்பியின் கேள்விக்கு நானும் சிறிது சேர்க்கிறேன். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த நம் மலையகத் தமிழ் மக்கள், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அதற்கு 'அப்ளை' செய்ய வேண்டியிருந்தது. செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டார்கள். பின்னர் குடியுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் தலைப்பிலோ 'கிராண்ட்' என்ற சொல் இருக்கிறது. 'கிராண்ட்' இலத்தீன் கிராட்டியாவிலிருந்து வந்ததன்று. உறுதி கொடுப்பது என்ற பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. ஆனாலும் கொடுப்பவர் மேலே இருக்கிறார் என்ற தொனி அதில் இல்லாமல் இல்லை. கேட்பவரின் வினையைத் திருத்துவதோடு கொடுப்பவரின் வினையையும் மாணவர்கள் கவனிக்கட்டும்.

இன்னொன்று. பழைய ஆங்கிலக் கடிதங்களில் வரும் 'ஐ பெக் டு ஸ்டேட்', 'யுவர் ஒபீடியன்ட் சேர்வன்ட்' போன்றவற்றைப் பார்த்துவிட்டு அவற்றை அடிமைப் பேச்சு என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். துரைமாரும் அரசாங்கத்துக்கு எழுதும்போது அப்படித்தான் முடித்தார்கள். அது கடிதத்தின் சட்டை. அதைப் போட்டுக்கொண்டு கடுமையாக வசைபாடிய கடிதங்களையும் நான் கோப்பில் பார்த்திருக்கிறேன்.

டிக்கோயா ஆசிரியை

ஐயாமார் இருவருக்கும், பதுளைச் சகோதரிக்கும், மஸ்கெலியாச் சகோதரருக்கும் நன்றி. 'என்ன கேட்டார்?' என்ற கேள்வியோடு இன்று வகுப்பைத் தொடங்கினேன். அந்த மாணவி தன் வாக்கியத்தைத் தானாகவே 'அப்ளைட்' என்று மாற்றிக்கொண்டாள். நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பயிற்சிக்கு ஒரே ஆளை வைத்து வெவ்வேறு நிலைமைகளைக் கொடுக்க எண்ணுகிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த எழுதுவினைஞர் ஒருவர் அதிகாரியின் கையெழுத்தை வாய் நிறையப் புகழ்கிறார். பிறகு அவர் காரின் கதவைத் திறந்துவிட ஓடுகிறார். பிறகு அவருடைய பிள்ளையின் பிறந்தநாளை நினைவு வைத்துக் கேக் கொண்டுபோகிறார். கடைசியில் இடமாற்றம் வேண்டி எழுத்தில் கேட்கிறார். ஒவ்வொன்றுக்கும் மாணவர்கள் தனித்தனி வினை எழுத வேண்டும். முதலாவதற்கு 'ஃபிளாட்டர்' என்று வைத்திருக்கிறேன். அதற்கும் 'ஹிம்செல்ஃப்' போடலாமா என்று ஒரு மாணவன் கேட்டான். 'ஃபான்' என்பதற்குப் பின்னால் 'ஆன்', 'ஓவர்' இரண்டையும் காண்கிறேன், எதைச் சொல்லிக்கொடுப்பது? 'இன்கிரேஷியேட்டிங் ஸ்மைல்' என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது?

கண்டி மொழிபெயர்ப்பாளர்

'ஃபிளாட்டர்' நேராகவே ஆளை எடுக்கும். 'ஹீ ஃபிளாட்டர்ட் த ஆஃபிசர்' சரி. அதற்குத் தற்சுட்டுச் சொல் போட்டால் பொருள் தலைகீழாகிவிடும்: 'ஐ ஃபிளாட்டர் மைசெல்ஃப்' என்றால் என்னைப் பற்றி நானே பெருமையாக நினைத்துக்கொள்கிறேன் என்று பொருள். அந்த மாணவனின் கேள்வியையே பயிற்சியில் சேர்த்துவிடுங்கள். இரண்டு வினைகளும் எதிரெதிராக நிற்பது ஒரே பார்வையில் தெரியும்.

'ஃபான்' என்பதற்கு 'ஆன்' பழையது, தேர்வுக்கும் பாதுகாப்பானது. 'ஓவர்' இன்று பெருவழக்கு. திரை நட்சத்திரத்தைச் சுற்றி மொய்க்கும் கூட்டத்துக்கு அது பொருந்தும். கேக் கொண்டுபோகும் வரியில் ஒரு சிறு எச்சரிக்கை: ஒருமுறை கேக் கொடுத்தது அன்பாகவும் இருக்கலாம். 'ஒவ்வொரு ஆண்டும், அதிகாரியின் பிள்ளைக்கு மட்டும்' என்று சேர்த்தால்தான் மாணவர் 'இன்கிரேஷியேட்' என்று துணிந்து எழுத முடியும்.

அந்தச் சிரிப்புக்குக் 'குழைவான சிரிப்பு' என்று எழுதலாம். எதிரே இருப்பவருக்குப் பிடித்துப்போக வேண்டும் என்று சிரிப்பது அதில் தெரியும். 'பல்லிளிப்பு' வேண்டாம், அது சிரித்தவரை ஆங்கிலச் சொல் இறக்குவதைவிடக் கீழே இறக்கிவிடும்.